எந்த ஏரியின் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் பற்றி இன்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் செம்பரம்பாக்கம். அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது; சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை மூழ்கின. இதெல்லாம் உண்மை. ஆனால், தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்களை மூழ்கடித்த தண்ணீர் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததல்ல. அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கும் மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஒரே நாளில் தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழையும் அதோடு சேர்ந்துகொண்டது.

அங்கே குடியிருந்த பலருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புக்கு வந்து, வாடகை வீடுகளில் பல ஆண்டு இருந்து, கடன் வாங்கிப் புறநகரில் ஒரு மனை வாங்கியவர்கள் அவர்கள். பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் எல்லாம் கேட்டு வாங்கியிருப்பார்கள். ‘மேலே எத்தனை ஏரி இருக்கிறது, அது நிரம்பினால் எந்தப் பக்கம் போகும்’ என்று கேட்டவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். இதே மனிதர்கள் சொந்த ஊரில் இருந்திருந்தால் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. வட மாவட்டங்களில் ‘ஏரி கோடி போகுது’ என்று ஒரு குரல் வந்தால் போதும், தெற்கே ‘குளம் மறுகால் பாயுது’ என்றால் போதும். மாட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது, எந்தத் தெருக்காரர்கள் முதலில் கிளம்ப வேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயரும்போது நாம் எதை எதையோ மூட்டை கட்டிக்கொண்டு வருகிறோம். அந்த ஊர் மண்ணைப் பற்றிய அறிவை மட்டும் கொண்டுவர முடிவதில்லை. புதிய மண்ணைப் பற்றிய அறிவை யாரும் நமக்குத் தருவதும் இல்லை. நகரத்து ஆபத்துக் காலங்களில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்புவரை களமும் கிணறும் இருந்தன. அந்த வீடுகளில் பேரிடருக்கென்று தனியாக எந்த ஏற்பாடும் நடக்கவில்லை; வீட்டு நடப்பே ஏற்பாடாக இருந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன்பு கூரை மாற்றுவார்கள். விறகும் வரட்டியும் நனையாத இடத்துக்குப் போகும். குதிரில் நெல், பானையில் புளி, கோடையிலேயே காயவைத்த வற்றலும் வடகமும், கடலோரம் என்றால் கருவாடு. பத்து நாள் வெளியே போக முடியாவிட்டாலும் அடுப்பு எரியும். மின்சாரம் நின்றால் ஒரு விளக்கு ஏற்றப்படும், அவ்வளவுதான். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தென்னையையும் வீட்டையும் இழந்து அவர்கள் பட்ட துன்பத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கைப்பம்பும் கிணறும் இருந்த இடங்களில் தண்ணீருக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது.

நகரத்து வீட்டில் அந்த மிச்சம் இல்லை. பால் காலையில் பாக்கெட்டில் வருகிறது. குடிக்கிற தண்ணீர் போன் செய்தால் கேனில் வருகிறது. அரிசி ஐந்து கிலோ, பத்து கிலோ. பணம் போனுக்குள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை இதைவிட வசதியான வாழ்க்கை இல்லை. ஆனால், இவை அத்தனையும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. மின்சாரம் போனதும் மோட்டார் நிற்கிறது. மேல்தொட்டியில் இருப்பது சில மணி நேரத்தில் தீர்கிறது. லிஃப்ட் நின்றதால் ஐந்தாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரப் பாட்டி கீழே இறங்க முடிவதில்லை. செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்ததும் சிக்னல் போகிறது. சிக்னல் போனதும் கையில் பணம் இல்லாதவராகிவிடுகிறோம். 2015இல் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது, ஏடிஎம்கள் வேலை செய்யவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது புறநகர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் அதே கதை.

வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டியதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் என்றால் ஐம்பது லிட்டருக்குச் சற்றே குறைவு. அதாவது, ஐப்பசி, கார்த்திகை முழுவதும் இரண்டு அல்லது மூன்று கேன் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தீரத் தீர வாங்கும் பழக்கத்தை மழை மாதங்களிலாவது விட வேண்டும். நூறு ரூபாயும் ஐம்பது ரூபாயுமாகக் கொஞ்சம் பணம் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்க யாராலும் முடியாது. ஆதார், குடும்ப அட்டை, பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பரண்மேல். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, கேஸ் ரெகுலேட்டரை எப்படிக் கழற்றுவது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். விறகடுப்பில் நாற்பது ஆண்டு சமைத்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு இதைப் பொறுமையாக, செய்துகாட்டிச் சொல்லித்தர வேண்டும். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண் இருக்கிறது என்பதையும்.

சம்ப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிராமத்துக் கிணற்றுக்குத் தரைக்கு மேலே சுற்றுச்சுவர் உண்டு. நகரத்தில் நிலத்தடித் தொட்டியின் மூடி பெரும்பாலும் தரை மட்டத்தில், கார் நிறுத்தும் இடத்தில், கழிவுநீர்த் தொட்டிக்கு நாலு அடி தள்ளி இருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே சாக்கடை அதற்குள் இறங்கிவிடும். வெள்ளம் வடிந்த மறுநாள் மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டு, அந்தத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். வெள்ளத்தில் தப்பிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான். சம்ப் மூடியைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு எழுப்பிவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கொத்தனார் ஒருவருக்கு ஒரு நாள் வேலை அது. வீட்டுக்காரர் செய்வாரா, குடியிருப்பவர் செய்வாரா என்ற பேச்சிலேயே ஆண்டுகள் ஓடுகின்றன.

எல்லா ஆபத்தும் மழையாக வருவதில்லை. 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைவிட அடிக்கடி வருவது, ஊர் முழுவதும் நன்றாக இருக்க ஒரு வீட்டில் மட்டும் வரும் ஆபத்து. பகல் பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் இருக்கிறார்.

ஊரில் என்றால் அம்மா வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போட்டால் போதும். இங்கே 108ஐ அழைக்க வேண்டும். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால், அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்பது முகவரியை. ‘மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி’ என்பது ஊரில் முழுமையான முகவரி. சென்னையிலோ ஒரே கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும்; ஒரே பெயரில் பல தெருக்கள் இருக்கும்; குறுக்குத் தெரு, பிரதான சாலை, நகர், விரிவு என்று நீளும். பதற்றத்தில் இருக்கும் அறுபது வயதுப் பெண்ணால் அதைச் சொல்ல முடியாது. ஆகவே, வீட்டுக் கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் முழு முகவரியை எழுதி ஒட்டுங்கள். பழைய எண், புதிய எண், எத்தனையாவது மாடி, அருகில் எல்லோருக்கும் தெரிந்த இடம் எது, எல்லாம் வேண்டும். அதன் கீழே பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் எண்ணும். அந்தப் பெயரை எழுத வேண்டும் என்பதற்காகவாவது ஒரு நாள் அந்தக் கதவைத் தட்டிப் பேச வேண்டியிருக்கும்.

உண்மையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்தப் பேச்சுதான். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு மேல் நகர முடியாமல் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போய்விட்டது. சுமார் 800 பயணிகள். எல்லாச் சாலைகளும் துண்டிக்கப்பட்ட நிலையில், முதலில் சோறு கொண்டுவந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான். இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. இது நகரத்தில் நடக்காது என்று சொல்ல மாட்டேன். 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிவந்து, முன்பின் அறியாதவர்களை மாடிகளிலிருந்து இறக்கினார்கள். மசூதிகளும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. அம்மா உணவகங்களில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். உதவ வந்தவர்களின் மனம் பெரியது. ஆனால், எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்களுக்குச் சொல்ல, பல தெருக்களில் ஆளில்லை. மூன்றாவது வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருப்பது முதல் வீட்டுக்குத் தெரியாது.

கிராமத்து உறவை அப்படியே நகரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த உறவுக்குள் சாதியின் வேலி இருந்தது, இன்னும் இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் காலனி இருப்பது தாழ்ந்த நிலத்தில். தண்ணீர் முதலில் போவது அங்கே, உதவி கடைசியில் போவதும் அங்கே. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. அந்த வேலியைத் தாண்டத்தான் பலர் நகரத்துக்கே வந்தார்கள். என்ன ஆட்கள் என்று கேட்டு வீடு தரும் தெருக்கள் இங்கேயும் இருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் துரோகம். நகரத்தில் நாம் கட்ட வேண்டிய அண்டை உறவு, பிறப்பைக் கேட்காமல் மாடி எண்ணை மட்டும் கேட்பதாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது தனிமனிதர்கள் செய்ய முடிந்தவை. அதோடு நிறுத்திக்கொண்டால் அது நியாயமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று ராம்சர் தகுதி பெற்றுக் காக்கப்படும் பகுதி சுமார் 1,250 ஹெக்டேர். மிச்சத்தில் சாலை, குப்பைக் கிடங்கு, அலுவலக வளாகங்கள், வீடுகள். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் தென்காசிக்காரர் சதுப்புநிலத்தை ஆக்கிரமிக்கவில்லை. அது சதுப்புநிலம் என்றே அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களை அரசே கொண்டுபோய்க் குடியேற்றிய பெரும்பாக்கமும் வெள்ளம் சூழும் இடம்தான். அங்கே எட்டு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே, சில கோரிக்கைகள். வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியப்பட வேண்டும் என்கிறது அது. அந்த ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம்: இந்த வீட்டில் 2015இலும் 2023இலும் தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது. வீட்டு உரிமையாளர் தயங்குவார், வாடகை குறையும் என்று பயப்படுவார். தெரியும். ஆனால், கைக்குழந்தையோடு தரைத்தளத்துக்குக் குடிவரும் ஒரு தம்பதிக்கு அந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு முன்னால் அந்தத் தயக்கம் பெரிதில்லை. மனை விற்கும் பத்திரத்துக்கும் இதே விதி பொருந்த வேண்டும். கூடவே, தெருமுனை மின்கம்பத்தில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு ஒரு கோடும் ஆண்டும். அதன் பக்கத்தில் எந்த ஏரியின் உபரிநீர் இந்தப் பக்கம் வரும் என்ற விவரமும், மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்களும். பெயின்ட் செலவுதான்.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022 முதல் அமைக்கப்பட்டுவருகின்றன. கிராம சபை இருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நகரத்தில் கிடைத்த முதல் மேடை அது. 2022இல் பகுதி சபைகள் உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று கூடின. சென்னைக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. நவம்பரில் கூடிப் பேசுவது தாமதம். ஒவ்வொரு செப்டம்பரிலும் தவறாமல் ஒரு சபை கூட வேண்டும். அதில் வாடகைக்கு இருப்பவர்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நகரத்தில் பத்து ஆண்டு வாழ்ந்தும் வாக்காளர் பட்டியலில் பெயரும் குடும்ப அட்டையும் ஊரிலேயே இருப்பவர்கள் ஏராளம். மிக்ஜாம் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகக் கொடுக்கப்பட்டபோது, அட்டை இங்கே இல்லாதவர்கள் தனியாக விண்ணப்பம் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவர் எங்கே நனைகிறாரோ அங்கேதான் அவர் பெயர் இருக்க வேண்டும். செப்டம்பர் சபையில் எடுக்கும் கணக்கு, அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் தெருவில் இன்று யார் வசிக்கிறார் என்பதைக் கொண்டு அமைய வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் முதியவர்கள் மட்டும் என்பதும் அதில் ஏற வேண்டும்.

இந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள் இன்னும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரகடத்திலும் சிறுசேரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தகரக் கொட்டகைகளிலும் ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேராகவும் தங்கியிருக்கும் பிஹார், ஒடிஷா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தொழிலாளர்கள். அவர்களும் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள்தான். நம்மைவிட நெடுந்தூரம் வந்தவர்கள். ஆட்டோவில் மைக் கட்டித் தமிழில் சொல்லிக்கொண்டு போகும் எச்சரிக்கை அவர்களுக்குப் புரியாது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே உடனடியாகத் தெளிவாகவில்லை. இனியாவது, ஒவ்வொரு கட்டுமான இடத்திலும் அன்றன்று தங்கியிருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் வாயிற்கதவில் இருக்க வேண்டும். அதன் நகல் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் கொட்டகையைக் காலிசெய்து அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கோ சமூகக்கூடத்துக்கோ அழைத்துப்போவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று உரிம நிபந்தனையிலேயே எழுத வேண்டும். எச்சரிக்கை இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் ஒலிக்க வேண்டும். அந்த மொழிகளில் பேசிப் பதிவுசெய்து தர, அந்தத் தொழிலாளர்களிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். செப்டம்பருக்குள் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம்.